பில்லில் 500, உள்ளே 333: மலிவு கேமிங் கம்ப்யூட்டரின் பழைய கதை

2002 ஜூன். பி.ஈ. முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் விழுப்புரத்தில் வீட்டோடு இருந்த மாதங்கள். ஒரு நாள் காலையில் கம்ப்யூட்டரை ஆன் செய்தேன். தேதி தப்பாக இருந்தது, எஃப்1 அழுத்தச் சொன்னது. மதர்போர்டில் இருக்கும் காசு அளவு பேட்டரி தீர்ந்துவிட்டது என்று புரிந்தது. அதுவரை சரி. ஆனால் அதே திரையின் மேல் வரியில் "செலரான் 333 மெகாஹெர்ட்ஸ்" என்று இருந்தது.

எங்கள் கம்ப்யூட்டர் செலரான் 500. பில்லில் அப்படித்தான் எழுதியிருந்தது. இரண்டரை வருஷமாகத் திரையிலும் தினமும் அப்படித்தான் வந்துகொண்டிருந்தது.

2000 ஜனவரியில் பொங்கல் முடிந்த கையோடு நானும் அப்பாவும் எழும்பூரில் இறங்கி ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு நடந்தோம். அப்பா பள்ளி ஆசிரியர். பி.எஃப். லோன் போட்டிருந்தார், மாதம் 600 ரூபாய் பிடித்தம். நாலு கடையில் கொட்டேஷன் வாங்கி, கடைசியில் ஒரு மாடிக் கடையில் அசெம்பிள் செய்தோம். "பயாஸ்ல பாஸ்வேர்டு போட்டிருக்கேன் சார், பையன் கைய வச்சுக் கெடுத்துடாம இருக்க" என்றார் கடைக்காரர். அப்பாவுக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வந்தோம்.

அந்த மெஷின் சித்திரை, வைகாசியில் மதியம் ஆனால் தொங்கிவிடும். குவேக் ஆடினால் பத்து நிமிஷம்கூடத் தாங்காது. "தூசு" என்றார்கள், "வோல்டேஜ்" என்றார்கள். ஸ்டெபிலைசர் வாங்கினோம். பேட்டரி தீர்ந்து பயாஸ் அமைப்புகள் எல்லாம் அழிந்தபோது கடைக்காரரின் பாஸ்வேர்டும் சேர்ந்து அழிந்தது. உள்ளே போய்ப் பார்த்தபோதுதான் முழுக்கதையும் புரிந்தது.

எனக்குக் கோபம் வந்தது. கூடவே ஒரு குழப்பமும் வந்தது. ஏனென்றால் கடைக்காரர் எங்கள் மெஷினில் திருட்டுத்தனமாகச் செய்த அதே காரியத்தை, உலகம் முழுக்க ஏராளமான பேர் தங்கள் சொந்த மெஷினில் ஆசை ஆசையாகச் செய்துகொண்டிருந்தார்கள். பிரவுசிங் சென்டரில் மணிக்கு 30 ரூபாய் கொடுத்து நானே அதைப் பற்றி வாய் பிளந்து படித்திருக்கிறேன். அப்படியானால் ஒரு சிப்பின் மேல் எழுதியிருக்கும் எண்ணுக்கு என்னதான் அர்த்தம்? அதை யார் எழுதலாம்? குறைந்த காசில் கேமிங் கம்ப்யூட்டர் கட்டுவதன் வரலாறு பெரும்பாலும் இந்தக் கேள்விக்குள்ளேயே அடங்கிவிடுகிறது என்பது என் கட்சி.

எண் எங்கிருந்து வருகிறது

ஒரே அச்சில் வார்த்த சிப்கள் எல்லாம் ஒரே மாதிரி ஓடாது. ஒரு சிலிக்கான் தகட்டில் நூற்றுக்கணக்கான சிப்களைச் செய்து வெட்டியெடுக்கிறார்கள். ஒவ்வொன்றையும் குறிப்பிட்ட வெப்பத்தில், குறிப்பிட்ட மின்னழுத்தத்தில் சோதித்து, எது எவ்வளவு வேகம் தாங்குகிறது என்று தரம் பிரிக்கிறார்கள். நம்மூர் வெங்காய மண்டியில் பெரிது, நடுத்தரம், பொடி என்று கொட்டிப் பிரிப்பது போலத்தான்.

ஆனால் மண்டியில் பொடி வெங்காயத்துக்குக் கிராக்கி அதிகமானால் பொடி தீர்ந்துவிடும், அவ்வளவுதான். சிப் தொழிலில் அப்படி நிற்பதில்லை. தயாரிப்பு முறை பழகப் பழக, கிட்டத்தட்ட எல்லா சிப்பும் உயர்ந்த தரத்திலேயே தேறும். சந்தையோ விலை குறைந்ததைத்தான் அதிகம் கேட்கும். அப்போது கம்பெனி நல்ல சிப்பையே எடுத்து, குறைந்த எண்ணை அச்சடித்து, குறைந்த விலைக்கு விற்கும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. 300 என்று சொன்னால் 300 ஓடும். அதற்கு மேலும் ஓடும் என்று சொல்வதில்லை, அவ்வளவுதான்.

சில சமயம் இது இன்னும் ஒரு படி மேலே போகும். 1991-ல் இன்டெல் 486எஸ்எக்ஸ் என்று ஒரு மலிவு சிப்பைக் கொண்டுவந்தது. 486டிஎக்ஸில் தசமக் கணக்குகளைப் போடும் பகுதி உள்ளேயே இருந்தது. ஆரம்பகால எஸ்எக்ஸ் சிப்களிலும் அது இருந்தது, செயல்படாமல் முடக்கி விற்றார்கள். பிறகு கணக்குப் பகுதி வேண்டும் என்பவர்கள் 487எஸ்எக்ஸ் என்ற துணைச் சிப்பைத் தனியாக வாங்கிச் சொருகலாம் என்றார்கள். அந்தத் "துணைச் சிப்" உண்மையில் ஒரு முழு 486டிஎக்ஸ். அதைச் சொருகியதும் பழைய சிப்பை ஓரமாக உட்காரவைத்துவிட்டு எல்லா வேலையையும் அதுவே எடுத்துக்கொள்ளும்!

முதலில் படித்தபோது நம்பவே முடியவில்லை. பிறகு எங்கள் பள்ளி லேபில் இருந்த கம்ப்யூட்டர்கள் ஞாபகத்துக்கு வந்தன. முகப்பில் "டர்போ" என்றொரு பட்டன், பக்கத்தில் சிவப்பு எழுத்தில் மெகாஹெர்ட்ஸ் காட்டும் சிறு திரை. மெஷின் எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்று அது அளந்து காட்டுவதாக நினைத்திருந்தோம். அது எதையும் அளக்கவில்லை. பின்னால் இருக்கும் ஜம்பர்களை எப்படி மாட்டுகிறோமோ அந்த எண் தெரியும். 99 என்று மாட்டினால் 99.

கேம் வந்தது, கணக்கு மாறியது

அலுவலக வேலைக்கு இந்த எண் பெரிய விஷயமில்லை. கடிதம் அடிக்க 33 இருந்தால் என்ன, 66 இருந்தால் என்ன. கேம்தான் ஒவ்வொரு மெகாஹெர்ட்ஸையும் கண்ணுக்குத் தெரிகிற பொருளாக்கியது.

1993 டிசம்பரில் வந்த டூம், தசமக் கணக்குப் பகுதியே இல்லாமல் முழு எண் கணக்கிலேயே ஓடும்படி எழுதப்பட்டது. அதனால் ஏழை 486எஸ்எக்ஸ்காரர்களும் தப்பித்தார்கள். அதே ஐடி சாஃப்ட்வேர் 1996-ல் வெளியிட்ட குவேக் அப்படி இல்லை, அதற்குத் தசமக் கணக்குப் பகுதி கட்டாயம் வேண்டும். அதுவும் பென்டியத்தின் அந்தப் பகுதி எப்படி வேலை செய்கிறது என்பதைப் பார்த்துப் பார்த்து, ஒரு வகுத்தல் கணக்கு பின்னால் ஓடிக்கொண்டிருக்கும்போதே முன்னால் புள்ளிகளை வரையும்படி எழுதியிருந்தார்கள். அப்போது சைரிக்ஸ் 6எக்ஸ்86 என்ற சிப் பென்டியத்தைவிட மலிவு. அலுவலக வேலையில் பென்டியத்துக்கு ஈடு கொடுத்தது. குவேக்கில் பரிதாபமாகத் திணறியது. மலிவாகக் கட்டுகிறவர்கள் "எந்த வேலைக்கு எந்தப் பாகம்" என்று பார்க்கக் கற்றுக்கொண்ட பாடம் இது. இன்றைக்கும் இதுதான் முதல் பாடம்.

அழித்து எழுதியவர்களும் பூட்டு போட்டவர்களும்

பென்டியம் காலத்தில் சிப்பின் வேகம் இரண்டு எண்களின் பெருக்கல். மதர்போர்டின் பஸ் வேகம் ஒன்று, பெருக்கெண் ஒன்று. 66-ஐ 2-ஆல் பெருக்கினால் 133. 2.5-ஆல் பெருக்கினால் 166. இரண்டையும் ஜம்பரில் மாற்றலாம்.

இது தெரிந்த ஆர்வலர் 133 வாங்கி 166-இல் ஓட்டினார். இது தெரிந்த கள்ள வியாபாரி, 133-இன் மேல் இருந்த எழுத்தைச் சுரண்டிவிட்டு 166 என்று அச்சடித்து விற்றார். தொண்ணூறுகளில் இது பல நாடுகளில் பெரிய தொழிலாகவே நடந்தது. வாங்கியவருக்கு ஓவர்கிளாக் செய்த சிப் என்றே தெரியாது. தொங்கினால் தூசு, வோல்டேஜ் என்று அலைவார்.

இன்டெல் பதிலுக்குப் பெருக்கெண்ணைப் பூட்டியது. பென்டியம் 2 காலத்தில், 1998 வாக்கில், சிப்புக்குள்ளேயே பெருக்கெண்ணை நிலைப்படுத்தி விற்க ஆரம்பித்தார்கள். போலி எண்ணைத் தடுப்பதுதான் சொன்ன காரணம். காரணம் உண்மைதான். ஆனால் அதே பூட்டு மலிவு சிப் வாங்கி வேகமாக ஓட்டுகிறவனுக்கும் சேர்த்து விழுந்தது. இன்டெலுக்கு அதில் வருத்தம் இருந்திருக்காது.

ஒரு கதவை அடைத்தார்கள், இன்னொன்று திறந்தே இருந்தது. பெருக்கெண் பூட்டப்பட்டது, பஸ் வேகம் பூட்டப்படவில்லை.

1998 ஆகஸ்ட்

1998-ல் ஏஎம்டியின் கே6, மலிவு கம்ப்யூட்டர் சந்தையில் இன்டெலை நெருக்கிக்கொண்டிருந்தது. அதைச் சமாளிக்க ஏப்ரலில் வந்த முதல் செலரானில் இரண்டாம் நிலை கேஷே கிடையாது. எல்லாரும் கேலி செய்தார்கள். ஆகஸ்ட் 24 அன்று திருத்தப்பட்ட செலரான் 300ஏ வந்தது. இதில் 128 கிலோபைட் கேஷ், சிப்புக்குள்ளேயே, சிப்பின் முழு வேகத்தில். விலையுயர்ந்த பென்டியம் 2-இல் 512 கிலோபைட் இருந்தது, ஆனால் சிப்புக்கு வெளியே, பாதி வேகத்தில். கேம்களுக்குச் சிறியதும் வேகமானதும் நன்றாகவே போதும்.

300ஏ என்பது 66-ஐ 4.5-ஆல் பெருக்கியது. அதே வருஷம் வந்த 440பிஎக்ஸ் சிப்செட் போர்டுகள் 100 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸில் முறைப்படியே ஓடக்கூடியவை. 100-ஐ 4.5-ஆல் பெருக்கினால் 450. அது அன்றைய தேதியில் இன்டெலின் மிக வேகமான பென்டியம் 2-இன் எண். அந்த பென்டியம் 2 450-உம் அதே நாளில்தான் வெளியானது, மொத்த விலை 669 டாலர். 300ஏ 149 டாலர்.

இதன் அழகு எங்கே என்றால், பஸ்ஸை 83-க்கு உயர்த்தினால் மற்ற கார்டுகளுக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கும் போகும் வேகமும் கூடி டேட்டா கெடும் அபாயம் இருந்தது. 100-இல் போர்டு அதை மூன்றால் வகுத்துச் சரியாக 33 ஆக்கிவிடும். ஆக முழுசாக 100-க்குப் போவதுதான் பாதி வழி போவதைவிடப் பத்திரம். போர்டு தானாக 66 என்று முடிவு செய்தால், சிப் அட்டையில் பி21 என்ற ஒரே ஒரு பின்னை டேப்பாலோ நெயில் பாலிஷாலோ மூடினால் போதும், 100 என்று நினைத்துக்கொள்ளும்.

எல்லா 300ஏவும் 450-இல் ஓடியது என்று சொல்ல முடியாது. ஆனால் பெரும்பாலானவை ஓடியதால்தான் அந்தச் சிப் இன்றுவரை பேசப்படுகிறது. செலரான் 333 இதற்கு அண்ணன். பெருக்கெண் 5. 100-இல் வைத்தால் 500. இது கொஞ்சம் கடினம், கூடுதல் மின்னழுத்தமும் நல்ல ஃபேனும் கேட்கும். 1999-ல் இன்டெல் உண்மையான செலரான் 500-ஐயே விற்க ஆரம்பித்தது, அதன் பெருக்கெண் 7.5, பஸ் 66. ஆன் செய்யும்போது திரையில் இரண்டுக்கும் "செலரான் 500" என்றே வரும்.

எங்கள் மாடிக் கடைக்காரருக்கு இது தெரிந்திருந்தது. எங்களுக்குத் தெரியவில்லை. பயாஸ் பாஸ்வேர்டு எதற்கு என்றும் இப்போது புரிந்திருக்கும்.

பென்சில், டிரைவர், 50 டாலர் அட்டை

அடுத்த பத்து வருஷமும் இதே ஆட்டம்தான், சிப் மட்டும் மாறிக்கொண்டே இருந்தது.

2000-ல் ஏஎம்டியின் டுரான், அத்லான் சிப்களில் பெருக்கெண் பூட்டு சிப்பின் மேற்பரப்பிலேயே எல்1 என்று குறித்த சின்னச் சின்ன இணைப்புகளாகத் தெரியும். வெட்டியிருந்த இணைப்புகளின் மேல் பென்சிலால் கோடு போட்டால் கிராஃபைட் மின்சாரம் கடத்தி, பூட்டு திறந்துவிடும். ஒரு நட்ராஜ் பென்சிலுக்கு இவ்வளவு பெரிய பயன் அதற்கு முன்னும் பின்னும் இருந்ததில்லை. அடுத்து வந்த அத்லான் எக்ஸ்பியில் லேசரால் பள்ளமாகவே வெட்டினார்கள், பென்சில் பலிக்கவில்லை. அந்த எக்ஸ்பி 1800+ ஓடியது 1533 மெகாஹெர்ட்ஸில். எண்ணை எழுதும் உரிமையைக் கம்பெனியே எவ்வளவு தாராளமாக எடுத்துக்கொண்டது பாருங்கள்.

2002-ல் ஏடிஐயின் ரேடியான் 9500 கிராபிக்ஸ் கார்டு. 9700-இல் இருக்கும் அதே சிப், எட்டு பைப்லைன்களில் நாலை முடக்கியது. மாற்றியமைத்த டிரைவரால் சில 9500 கார்டுகளில் எட்டும் விழித்துக்கொண்டன. ஆனால் சிலருக்குத் திரை முழுக்கச் சதுரங்கப் பலகை மாதிரி கட்டங்கள் வந்தன. அந்தச் சிப்களில் நாலு பைப்லைன் நிஜமாகவே பழுது. இதை முக்கியமாகச் சொல்ல வேண்டும். குறைந்த எண் எப்போதும் வியாபாரத் தந்திரம் அல்ல, சில சமயம் அது நேர்மையான மருத்துவச் சான்றிதழ். எது எது என்று வெளியிலிருந்து தெரியாது. 2009-ல் ஃபெனோம் 2 வரிசையில் பயாஸ் மூலம் இரண்டு கோர் சிப்பை நாலு கோராக எழுப்பியவர்களுக்கும் இதே சீட்டுக் குலுக்கல்தான்.

2010-ல் இன்டெல் ஒன்று செய்தது. பென்டியம் ஜி6951 என்ற சிப்பில் கேஷின் ஒரு பகுதியையும் ஹைப்பர் த்ரெடிங்கையும் முடக்கி விற்றார்கள். கடையில் 50 டாலருக்கு ஓர் அட்டை. அதைச் சுரண்டி எண்ணை உள்ளிட்டால் முடக்கியது திறக்கும், செல்போன் ரீசார்ஜ் மாதிரி. "ஏற்கனவே நான் வாங்கிய பொருளுக்குள் இருப்பதை எனக்கே திரும்ப விற்கிறாயா?" என்று ஜனங்கள் கொதித்தார்கள். 2011-ல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள். 486எஸ்எக்ஸில் செய்ததையே இருபது வருஷம் கழித்துக் கொஞ்சம் வெளிப்படையாகச் செய்தார்கள், அதுதான் தப்பாகப் போயிற்று.

அதே 2011-ல் வந்த சாண்டி பிரிட்ஜில் பஸ் வேகமும் கிட்டத்தட்டப் பூட்டப்பட்டது. அதை உயர்த்தினால் எல்லாமே சேர்ந்து உயர்ந்து தடுமாறும். வேகம் கூட்ட வேண்டுமா, 'கே' எழுத்து போட்ட விலை அதிகமான சிப்பை வாங்கு. 2015 கடைசியில் ஸ்கைலேக்கில் ஒரு சந்து கண்டுபிடித்தார்கள். 2016 தொடக்கத்தில் பயாஸ் அப்டேட்களில் அதுவும் அடைபட்டது. இன்றைய சிப்கள் வெப்பத்தையும் மின்சாரத்தையும் தாமே பார்த்துக்கொண்டு, முடிந்த அளவு தாமே வேகம் ஏற்றிக்கொள்கின்றன. மலிவு சிப்புக்குள் ஒளிந்திருந்த அந்த மிச்சம் இப்போது அநேகமாக இல்லை.

இப்போது என்ன செய்வது

என் மகன் பத்தாவது படிக்கிறான். "அப்பா, 30,000க்குள்ள கேமிங் பிசி முடியுமா?" என்று கேட்டான். புதிதாக முழுசாகக் கட்ட அது போதாது. ஆனால் மிச்சம் இன்று வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது.

ஒன்று, பழைய மதர்போர்டு. என்னிடம் 2017-ல் வாங்கிய ஏஎம்4 போர்டு, முதல் தலைமுறை ரைசனோடு இருந்தது. புதிய 5000 வரிசை சிப்களை அந்தத் தலைமுறை போர்டுகளுக்குத் தராமல் இழுத்தடித்த ஏஎம்டி, 2022-ல் அனுமதித்தது. பயாஸ் அப்டேட் செய்து ரைசன் 5 5600 போட்டேன். போர்டு, கேபினெட், ராம் எல்லாம் பழசு. எஸ்.எம்.பி.எஸ். மட்டும் புதிது. அதில் கஞ்சத்தனம் பண்ணினால் அது போகும்போது மற்றதையும் கூட்டிக்கொண்டு போகும்.

இரண்டு, செகண்ட் ஹேண்ட் கிராபிக்ஸ் கார்டு. இங்கேதான் கதை ஆரம்பித்த இடத்துக்கே வருகிறது. பழைய கார்டின் பயாஸை மாற்றி எழுதி, ஜிடிஎஸ் 450-ஐ ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று விற்கும் கூட்டம் உண்டு. விண்டோஸும் அந்தப் பொய்ப் பெயரையே காட்டும். 2018-ல் ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் இப்படிப்பட்ட என்விடியா போலிகளைக் கண்டுபிடித்துச் சொல்லும் வசதியைச் சேர்த்தது. போன மாதம் மகனோடு அதே ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு ஆர்எக்ஸ் 6600 பார்த்தேன். கடையிலேயே மாட்டி, ஜிபியு-இசட்டில் கோர் எண்ணிக்கையையும் மெமரியையும் சரிபார்த்து, அரை மணி நேரம் சுமை கொடுத்து ஓட்டிப் பார்த்தபிறகே காசு கொடுத்தேன். அந்தக் கடைக்காரத் தம்பி கொஞ்சமும் முகம் சுளிக்கவில்லை. "நல்லா ஓட்டிப் பாருங்க சார், அப்புறம் நீங்களும் வரக் கூடாது, நானும் தேடக் கூடாது" என்றார். டீயும் வாங்கிக் கொடுத்தார். மொத்தம் 28,000 சொச்சத்தில் முடிந்தது.

2002-க்குப் பிறகு எங்கள் செலரானை நான் என்ன செய்தேன் என்று கேட்கலாம். 45 ரூபாய்க்குப் புது பேட்டரி போட்டேன். வெயில் காலத்தில் 333, ஐப்பசி பிறந்ததும் 500. வருஷத்துக்கு இரண்டு தடவை நானே பயாஸில் மாற்றுவேன். 2005 வரை ஒரு தடவைகூடத் தொங்கவில்லை. கடைக்காரர் செய்ததையேதான் நானும் செய்தேன். வித்தியாசம், என்ன செய்கிறேன் என்று எனக்குத் தெரியும், தொங்கினால் எங்கே கைவைப்பது என்றும் தெரியும், கூடுதலாக யாரிடமும் காசு வாங்கவில்லை.

அப்பாவிடம் மட்டும் அன்றைக்குச் சொல்லவில்லை. போன வாரம் பேரனின் புது மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தபோது சொன்னேன். அப்பாவுக்கு 78 வயது. மெகாஹெர்ட்ஸ் எல்லாம் கேட்கவில்லை.

"எவ்வளவு அதிகமா வாங்கியிருப்பான்?"

அந்தக் கொட்டேஷன் தாள்கள் இன்னும் என் ஃபைலில் இருக்கின்றன. ஒன்றில் செலரான் 366-க்கும் 500-க்கும் வித்தியாசம் 1,800 ரூபாய் போட்டிருக்கிறது. 333 அதற்கும் கீழே. "ரெண்டாயிரம் பக்கம் இருக்கும்ப்பா" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மூணு மாசப் பிடித்தம்" என்றார்.